சோதனைக்கா, எடைக்கா? பழைய ஸ்கூபா சிலிண்டர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நீருக்கடியில் மூச்சுவிடப் பயன்படும் அலுமினியக் காற்றுச் சிலிண்டர்கள் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: பழசைச் சோதனைக்குக் கொடுப்பதா, பேரீச்சம்பழத்துக்குப் போடுவதா? மற்றவர்களுக்கும் பயன்படும் கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: பக்கத்துத் தெரு கராஜ் சேலில் 80 கன அடி அலுமினிய டேங்க் நான்கை 80 டாலருக்கு வாங்கினேன். தோளில் குத்தியிருப்பது: ஒன்றில் எஸ்பி6498, லக்ஸ்ஃபர், 1976. இரண்டாவதில் டிஓடி-3ஏஎல்3000, லக்ஸ்ஃபர், 1984 செப்டம்பர். மூன்றாவதும் லக்ஸ்ஃபர்தான், 1991 மார்ச். நான்காவது கேட்டலினா, 1996. எதற்கும் 2004க்குப் பிறகு சோதனை முத்திரை இல்லை. நான்கையும் சோதனைக்குக் கொடுக்கட்டுமா?
(வாசகர், ஹூஸ்டன்)

பதில்: கடைசி இரண்டைக் கொடுங்கள். முதல் இரண்டுக்கும் ஒரு டாலர்கூடச் செலவழிக்க வேண்டாம்.

காரணம் வயது அல்ல, உலோகம். 1970களிலும் 80களிலும் இந்தச் சிலிண்டர்களை 6351 என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். இப்போது செய்வது 6061இல். 6351இல் ஒரு கோளாறு உண்டு. காற்றை நிரப்பி வைத்திருக்கும் காலமெல்லாம் கழுத்தும் தோளும் இழுவிசையில் இருக்கின்றன. அந்த ஓயாத இழுப்பில் உலோக மணிகளின் எல்லையோரமாக மயிரிழை போன்ற விரிசல் பிறந்து, மெதுவாக மரையை நோக்கி ஏறுகிறது. கலவையில் ஈயம் கொஞ்சம் கூடினாலும் விரிசல் சுலபமாகப் பிறக்கும். பெரும்பாலும் கழுத்தோரம் காற்றுக் கசிந்து முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். கசியாமல் நேராக வெடித்தவையும் உண்டு. அவை பெரும்பாலும் காற்று நிரப்பும்போது வெடித்தன. அப்போது பக்கத்தில் நிற்பவர் நிரப்புபவர்தான். அவர் உங்கள் டேங்கைக் கண்டதும் முகம் சுளிப்பதைக் குறை சொல்லக் கூடாது.

எது எந்தக் கலவை என்பதைத் தயாரிப்பாளர் பெயரும் தேதியும் சொல்லிவிடும். அமெரிக்காவில் லக்ஸ்ஃபர் 1972 முதல் 6351இல் செய்தது. 1987லிருந்து ஒவ்வொரு அளவாக மாற்றி, 1988 நடுவில் முழுக்க 6061க்கு வந்துவிட்டது. ஆகவே 1987, 88 தேதியுள்ள லக்ஸ்ஃபரை மட்டும் அளவும் வரிசை எண்ணும் சொல்லி விசாரிக்க வேண்டும். வால்டர் கிட் நிறுவனத்துச் சிலிண்டர்கள் 1989 வரை 6351. கேட்டலினா ஒருபோதும் 6351இல் செய்ததில்லை. அமெரிக்காவுக்கு வெளியே செய்தவற்றுக்கு இந்தத் தேதிகள் பொருந்தா. அவற்றையும் வரிசை எண் வைத்துத்தான் கேட்டறிய வேண்டும்.

உங்கள் 1976 சிலிண்டரில் உள்ள எஸ்பி6498, அலுமினியச் சிலிண்டர்களுக்கான அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் (டிஓடி) 3ஏஎல் தரம் வருவதற்கு முன் கொடுத்த சிறப்பு அனுமதி எண். 1982க்குப் பிறகு அப்படிப்பட்டவற்றின் தோளில் 3ஏஎல் என்று சேர்த்துக் குத்தியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நாற்பது வருடமாக அது ஒழுங்கான சோதனைக் கூடத்தைக் கண்டதில்லை என்று பொருள்.

இனி காசுக் கணக்கு. ஊருக்கு ஊர் மாறும் என்றாலும், தண்ணீரால் அழுத்தி உறுதி பார்க்கும் ஹைட்ரோ சோதனைக்கு 40 முதல் 60 டாலர், உட்புறப் பார்வைச் சோதனைக்கு 20, வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தையும் அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து காற்றை விடும் வெடிவட்டையும் மாற்ற 30 முதல் 40 என்று வையுங்கள். சிலிண்டர் ஒன்றுக்கு நூறு டாலர் பக்கம் வரும். வால்வோடு புது 80 கன அடி டேங்க் இருநூற்றுச் சில்லறை டாலர். ஆகவே 1991, 1996 சிலிண்டர்களுக்குச் செலவழிப்பது நியாயம். 1976க்கும் 1984க்கும் ஹைட்ரோவோடு, கழுத்து விரிசலை மின்சுழலால் தேடும் எடி கரண்ட் சோதனையும் சேரும். இரண்டிலும் தேறினாலும் நிரப்பித் தர ஆள் கிடைப்பது சந்தேகம். தேறியும் பயன்படாத பொருளுக்கு எதற்கு நூறு டாலர்?

கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் நீங்களே பாருங்கள். அடியில் மாட்டியுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றுங்கள். உப்பு தேங்கி அரிப்பது அங்கேதான். பட்டை இறுக்கும் இடத்தில் குழி, வெட்டு, பள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். பெயின்ட் கருகியோ கொப்பளித்தோ இருந்தால் அதோடு நிறுத்திவிடலாம், ஏன் என்பது கீழே வருகிறது. காற்றை வெளியேற்றிவிட்டுத் தலைகீழாகச் சாய்த்து ஆட்டுங்கள். மணல் உருளும் சத்தம் வந்தால் உள்ளே அலுமினிய ஆக்சைடு உதிர்ந்து கிடக்கிறது. சலசலத்தால் தண்ணீர். இரண்டுமே உடனே எடைக்குப் போடக் காரணம் இல்லை. அந்த வெள்ளைப் பொடியைக் கழுவியபின் அடியில் குழி எவ்வளவு ஆழம் என்பதே கேள்வி. இந்த அளவுச் சிலிண்டரின் சுவர் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். சோதனையாளர் குழியின் ஆழத்தை அளந்து தயாரிப்பாளரின் வரம்போடு ஒப்பிட்டுச் சொல்வார்.

கேள்வி: என் 1983 லக்ஸ்ஃபர் போன வருடம் ஹைட்ரோவில் தேறியது. முத்திரையும் இருக்கிறது. கடைக்காரர் ஆனாலும் காற்று நிரப்ப மறுக்கிறார். சட்டப்படி தேறியதை மறுக்க அவருக்கு உரிமை உண்டா?
(வாசகி, டாம்பா)

பதில்: உண்டு. நிரப்புவதா இல்லையா என்பது அவர் முடிவு. உங்கள் முத்திரையில் இன்னொன்றையும் அவர் தேடியிருப்பார்.

ஹைட்ரோவில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். சிலிண்டரில் தண்ணீர் நிரப்பி, தண்ணீர் சூழ்ந்த உறைக்குள் இறக்கி, 3000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு) வரை நிரப்பும் சிலிண்டருக்கு 5000 பிஎஸ்ஐ, அதாவது 345 பார் வரை அழுத்தம் ஏற்றி, குறைந்தது 30 விநாடி நிறுத்துகிறார்கள். சிலிண்டர் உப்பும் அளவுக்கு உறையிலிருந்து தண்ணீர் வெளியேறும், அதை அளக்கிறார்கள். அழுத்தத்தை இறக்கியபின் எவ்வளவு சுருங்காமல் நின்றுவிட்டது என்றும் அளக்கிறார்கள். மொத்தம் 80 மில்லி உப்பியது என்றால், 8 மில்லிக்கு மேல் திரும்பாமல் நின்றால் சிலிண்டர் தள்ளுபடி. பத்து சதவீதம்தான் எல்லை. சுவர் மெலிந்ததையும் உலோகம் தளர்ந்ததையும் இது காட்டிக்கொடுக்கும். கழுத்து மரையில் உள்ள மயிரிழை விரிசல் இந்த அளவில் தெரியாது. கழுத்து தடிப்பானது, அவ்வளவாக உப்பாது. விரிசலோடும் சிலிண்டர் ஹைட்ரோவைத் தாண்டிவிடும்.

அதனால்தான் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2007 ஜனவரி 1 முதல், ஸ்கூபாவுக்குப் பயன்படும் 6351 சிலிண்டர்களுக்கு ஐந்தாண்டுச் சோதனையோடு எடி கரண்ட் சோதனையையும் கட்டாயமாக்கியது. மரையிட்ட முனை ஒன்றைக் கழுத்துக்குள் திருகி இறக்குவார்கள். மின்சுழல் ஓட்டம் விரிசலில் தடைபட்டால் கருவி காட்டும். இரண்டு மரை நீளமோ அதற்கு மேலோ விரிசல் ஓடியிருந்தால் சிலிண்டர் கழிவு. தேறினால் சோதனை முத்திரையோடு "வி.இ." என்று இரண்டு எழுத்தும் குத்துவார்கள். உங்களுடையதில் அந்த எழுத்து இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் செய்ததுதான் சரி, போன வருடச் சோதனை அரைகுறை. இருந்தாலும் அவர் மறுக்கலாம், பல கடைகள் 6351 என்றாலே தொடுவதில்லை.

நம் கருத்தைக் கேட்டால்: அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: 1994 லக்ஸ்ஃபருக்கும் எடி கரண்ட் போட்டுக் காசு வாங்கினார்கள். பிறகு "கழுத்தில் விரிசல் காட்டுகிறது" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். நம்பலாமா?
(வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: வேறு இடத்தில் காட்டாமல் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அமெரிக்க லக்ஸ்ஃபர் 1994 என்றால் 6061. அதற்கு எடி கரண்ட் கேட்கவே இல்லை. அந்தக் கருவிகளை 6351க்கென்றே அமைத்தார்கள், 6061இல் வைத்தால் இல்லாத விரிசலைக் காட்டுவதுண்டு. சிலிண்டரின் வாயைக் குவித்து மூடும்போது உள்பக்கத் தோளில் துணி மடிப்புபோல உலோகம் மடியும். மரை வெட்டிய கருவி நின்ற இடத்திலும் தடம் இருக்கும். இவற்றைக் கண்டு மிரண்டு நல்ல சிலிண்டரைத் தள்ளியவர்கள் பலர். மடிப்பு அகலமாக, மழுங்கிய விளிம்போடு இருக்கும். விரிசல் ஊசிமுனைக் கோடாக, மரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அலுமினியச் சிலிண்டர் பரிசோதனையில் பயிற்சி பெற்றவரிடம் காட்டி, பல் மருத்துவர் கண்ணாடி போன்ற சிறு ஆடியும் விளக்கும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவரும் விரிசல் என்றால் விரிசல்தான்.

கேள்வி: ஐயா, நிலாவெளியில் சுழியோடிகளுக்கான உபகரணங்கள் வாடகைக்குக் கொடுக்கிறோம். ஐந்தாறு வருடம் கிடந்த அலுமினியச் சிலிண்டர் ஒன்றின் வால்வு இறுகிப்போய்க் கழற்ற முடியவில்லை. சூடு காட்டிக் கழற்றலாமா? கழற்றியபின் பவுடர் கோட்டிங் செய்யவும் யோசனை.
(வாசகர், திருகோணமலை)

பதில்: இரண்டும் கூடாது. இரண்டுக்கும் ஒரே காரணம்.

6061 ஆனாலும் 6351 ஆனாலும், சிலிண்டரின் வலு அது பெற்ற வெப்பப் பதத்தில் இருக்கிறது. பதமான பிறகு மறுபடி சூடேறினால் உலோகம் தளர்ந்துவிடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. 177 டிகிரி செல்சியஸைத் தொட்ட அலுமினியச் சிலிண்டரைச் சேவையிலிருந்து எடுத்துவிட வேண்டும். பவுடர் கோட்டிங் அடுப்பு வழக்கமாக 180, 200 டிகிரியில் ஓடும். பளபளவென்று புதுசாக வெளியே வருவது வெடிகுண்டு. கேஸ் டார்ச் பட்ட இடமும் அப்படியே. வண்ணம் வேண்டுமென்றால் காற்றில் உலரும் பெயின்ட் அடியுங்கள், தோளில் குத்திய எழுத்துகளை மூடாமல்.

வால்வு இறுகக் காரணம் உப்புத் தண்ணீர். பித்தளையும் அலுமினியமும் உப்பு நீரில் நனைந்து ஒட்டியிருந்தால் சிறு பேட்டரிபோல வேலை செய்யும், அதில் அலுமினியம்தான் கரையும். கரைந்த உலோகம் வெள்ளைச் சுண்ணாம்பாகி மரையைப் பூட்டிவிடும்.

கழற்றும் முன் சிலிண்டர் காலிதான் என்று உறுதிசெய்வது முதல் வேலை. குமிழைத் திறந்தும் சத்தம் வரவில்லை என்றால் காலி என்று அர்த்தமில்லை. உள்ளே அரிப்புத் தூள் வால்வின் வாயை அடைத்திருக்கலாம். குமிழைத் திறந்து வைத்து, ரப்பர் முனையுள்ள காற்றுத் துப்பாக்கியால் வால்வின் வாயில் குறைந்த அழுத்தக் காற்றைக் கொஞ்சம் செலுத்துங்கள். துப்பாக்கியை எடுத்ததும் செலுத்திய காற்று "புஸ்" என்று திரும்பி வந்தால் வழி திறந்திருக்கிறது. வராவிட்டால் அடைப்பு, சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோங்கள், வேறு வழி தேட வேண்டாம். குமிழே சுற்றவில்லை என்றாலும் அதேதான். இந்த அளவுச் சிலிண்டர் நிறையக் காற்றோடு இருந்தால் காலியைவிட ஏறத்தாழ 2.7 கிலோ கூடுதல் எடை இருக்கும். ஒரே மாதிரிக் காலிச் சிலிண்டர் பக்கத்தில் இருந்தால் தராசில் வைத்துப் பார்ப்பதும் நல்லது.

காலிதான் என்று தெரிந்தபின் கழுத்துப் பக்கத்தை வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவிடுங்கள். மண்ணெண்ணெய், துரு நீக்கும் எண்ணெய் எதுவும் ஊற்ற வேண்டாம், அது பிறகு மூச்சுக் காற்றில் கலக்கும். உடலை மரக்கட்டை வைத்த பிடியில் நிறுத்தி, வால்வின் தட்டைப் பக்கங்களில் பொருந்தும் ஸ்பேனரால் சீராக இழுங்கள். குமிழில் குழாய் மாட்டி நெம்பினால் தண்டு வளையும். சுத்தியல் வேண்டாம். மரை லேசாக இளகும்போது சீறல் கேட்டால் உடனே நிறுத்தித் திரும்ப இறுக்குங்கள்.

வால்வு வெளியே வந்ததும் கழுத்து மரையைப் பாருங்கள். வெள்ளைப் படிவம் கழுவினால் போகும். மரையின் முனைகள் தின்னப்பட்டோ, வால்வோடு சுருள் சுருளாகப் பிய்ந்தோ வந்திருந்தால் சிலிண்டர் முடிந்தது. நல்லதாக இருந்தால் புது ஓ-ரிங், அதில் மெல்லிய சிலிக்கோன் கிரீஸ், இறுக்கம் சுமார் 54 முதல் 68 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் பலம் காட்டத் தேவையில்லை. காற்றைத் தடுப்பது ஓ-ரிங்தான், நம் புஜபலம் அல்ல. வருடத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி மாட்டினால் இந்தக் கதி மறுபடி வராது.

கேள்வி: வால்வை மாற்றும்போது கவனிக்க வேண்டியது என்ன?
(வாசகர், போர்ட் பிளேர்)

பதில்: மரை. அமெரிக்க வழிச் சிலிண்டர்களின் கழுத்து முக்கால் அங்குல, அங்குலத்துக்கு 14 சுற்று நேர்மரை. ஐரோப்பிய வழியில் எம்25, 2 மில்லிமீட்டர் இடைவெளி. ஒன்றின் வால்வு மற்றதில் சில சுற்று போய்ப் பிடிப்பதுபோலத் தோன்றும். அழுத்தம் ஏறும்போது வால்வு பறந்துவிடும், இப்படி ஆட்கள் காயப்பட்டிருக்கிறார்கள். வால்வின் காலிலும் சிலிண்டர் தோளிலும் குத்தியுள்ள மரை அளவு ஒன்றாக இருந்தால் மட்டும் மாட்டுங்கள். எழுத்து தெரியாத வால்வைக் கேஜ் வைத்து அளக்காமல் தொட வேண்டாம்.

கேள்வி: இரும்பு டேங்குகளில் தேதிக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் பத்து சதவீதம் கூடுதலாக நிரப்பலாம் என்கிறார்கள். அலுமினியத்துக்கு?
(வாசகர், டொரொண்டோ)

பதில்: கிடையாது. அந்தக் கூட்டல் குறி அமெரிக்க முறையில் உருக்குச் சிலிண்டர்களுக்கு உரியது. அலுமினியத்தில் 3000 என்றால் 3000தான். உங்கள் அலுமினிய டேங்கில் யாராவது கூட்டல் குறி குத்தியிருந்தால், குத்தியவரின் மற்ற சோதனைகளையும் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் உள்ள என் மருமகனிடம் கைவிட்ட அலுமினிய டேங்க் இரண்டு இருக்கிறது. சென்னைக்குக் கொண்டுவந்தால் இங்கே சோதித்து ஓட்டலாமா?
(வாசகர், சென்னை)

பதில்: கணக்கு கட்டாது. இந்தியாவில் வாயுச் சிலிண்டர் விதிகள் 2016இன்படி, வெடிபொருள் தலைமைக் கட்டுப்பாட்டாளர் ஒப்புதல் தராத வகைச் சிலிண்டரை இறக்குமதி செய்யவோ நிரப்பவோ முடியாது. காலியாகக் கொண்டுவந்தாலும் சிலிண்டர் சிலிண்டர்தான். அமெரிக்க முத்திரை இங்கே தானாகச் செல்லாது. விமானத்தில் ஏற்றுவதும் சுலபமல்ல. அமெரிக்க விமானநிலையப் பாதுகாப்பில் வால்வை முழுதாகக் கழற்றி, வாய் திறந்து உள்ளே தெரிந்தால்தான் விடுவார்கள். இறங்கும் இடத்தில் அனுமதித் தாள் கேட்பார்கள். அதற்கு ஆகும் அலைச்சலில் இங்கேயே ஒப்புதல் பெற்றதை வாங்கிவிடலாம். ரெகுலேட்டர், மாஸ்க், துடுப்பு இருந்தால் அவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: சோதனையில் தேறாத சிலிண்டர் மூன்று கிடக்கிறது. காயலான் கடைக்காரர் "மூடிய சிலிண்டர் எடுக்க மாட்டோம்" என்கிறார். எப்படிக் கழிப்பது?
(வாசகி, புதுச்சேரி)

பதில்: அவர் சொல்வது நியாயம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வெளியே, சுவரோரம் கட்டி நிறுத்தி, குமிழைக் கால் சுற்று மட்டும் திறந்து காற்றை மெதுவாக விடுங்கள். வேகமாக விட்டால் வால்வில் பனி பிடிக்கும், காதும் அடைக்கும். முழுதும் இறங்கியதும், திருகோணமலை வாசகருக்குச் சொன்னபடி வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வால்வைக் கழற்றுங்கள். வால்வு பித்தளை, தனியாக எடை போட்டால் கிலோ விலை அலுமினியத்தைவிட அதிகம். மரையும் தண்டும் நன்றாக இருந்தால் உதிரிக்கு வைத்துக்கொள்ளலாம், வெடிவட்டை மட்டும் தூக்கி எறியுங்கள். பிளாஸ்டிக் அடியுறை, வலை, கைப்பிடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கலப்பில்லாத அலுமினியத்துக்குத்தான் நல்ல விலை கொடுப்பார்கள்.

பிறகு அறுவை. பக்கவாட்டில் ஓட்டை போட்டால் போதும் என்பார்கள், போதாது. ஓட்டையை அடைத்து வெல்டு வைத்து விற்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். கழுத்தை மரையோடு நெடுக்காகப் பிளந்து, உடலையும் இரண்டு மூன்று துண்டாக்கச் சொல்லுங்கள். இந்திய விதியும் அதையே சொல்கிறது: கழிக்கும் சிலிண்டரைத் தட்டையாக நசுக்க வேண்டும், அல்லது மறுபடி சேர்க்க முடியாதபடி துண்டாக்க வேண்டும். பேண்ட் சா இருக்கும் லேத் பட்டறையில் சில நிமிட வேலை. கிரைண்டர் சக்கரத்தில் அலுமினியம் அப்பிக்கொள்ளும், வேண்டாம். ஒரு சிலிண்டரில் வால்வு போக 14 கிலோ அலுமினியம் தேறும், மூன்றுக்கும் 42 கிலோ. வெட்டிய துண்டுகளைக் கண்ணால் பார்த்தபின் உங்கள் கடைக்காரர் எடுத்துக்கொள்வார்.

ஹூஸ்டன் வாசகருக்கு ஒரு வார்த்தை: உங்கள் முதல் இரண்டு சிலிண்டரையும் எடைக்குப் போட மனமில்லையென்றால், அடிப்பக்கத்தை அறுத்தெடுத்துக் கழுத்தைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். மரச் சுத்தியால் தட்டினால் கோயில் மணிபோல நின்று ஒலிக்கும்.